இறுக்கச் சட்டை

மாரிக்கண்ணன் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தான். அச்சுக்குப் போகிற படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி, நிறம் கூட்டிக் குறைத்துத் தருவது அவன் வேலை. 2007ஆம் வருஷம், காலண்டர் சீசன் முடிந்து பிரஸ்ஸே ஓய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூரில் இருக்கன்குடி ரோட்டில் இருக்கிற தன் அக்கா வீரலட்சுமி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா ஒரு வழவழப்பான நோட்டீஸை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இத வாசிலே மாரி. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக. லேசராம். தழும்பு இருந்த எடமே தெரியாமப் போயிருமாம். நம்ம வேல்விழிக்கு இதப் பண்ணிட்டம்னா போதும்."

நோட்டீஸில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் கன்னமெல்லாம் வெந்து சுருங்கிய ஒரு பெண். பக்கத்தில் அதே பெண், மாசு மருவில்லாத முகத்தோடு. மாரிக்கண்ணன் அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"இது எங்க பிரஸ்ல அடிச்சதுக்கா."

"அப்படியா? அப்ப அந்த டாக்டரு உனக்குத் தெரிஞ்சவுகளா? நல்லதாப் போச்சு!"

"டாக்டரத் தெரியாது. இந்தப் பொம்பள மூஞ்சியத் தெரியும். ரெண்டும் ஒரே போட்டோ. ரெண்டாவதுல தழும்ப எடுத்தது லேசரு இல்ல, நாந்தேன். மவுஸ வச்சு டீ ஆறதுக்குள்ள தொடச்சு எடுத்தேன். அவுக அப்படித்தேன் கேட்டாக."

உள்ளே அறையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேல்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாடைப் பக்கம் சுரீரென்று இழுக்கும். இழுத்தாலும் பரவாயில்லை என்று சிரித்தாள். அம்மா கையில் நோட்டீஸோடு திகைத்து நிற்பதைக் கதவிடுக்கு வழியே பார்த்தபிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

வேல்விழிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன், ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலையில் இருந்தாள். அந்த வேலைக்கு அவள் விரும்பிப் போகவில்லை; படிப்பை முடித்த கையோடு தையல் கற்றுக்கொண்டு, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அப்பா இருளாண்டி காலமான பிறகு தையல் மட்டும் போதவில்லை. ஊரே கம்பெனி வேனில் ஏறிப் போகும்போது அவளும் ஏறினாள்.

ஒரு ஆவணி மாத மத்தியானம் பக்கத்து அறையில் பற்றிய தீ, இவள் இருந்த அறைக்குள் ஒரே வீச்சில் வந்து போனது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். வாசலுக்கு அருகில் இருந்ததால் உயிர் தப்பினாள். வலது தாடையிலிருந்து கழுத்து, தோள்பட்டை வரைக்கும் வெந்தது. வலது கையிலும் பட்டது. புண் ஆறுவதற்கு மாதக்கணக்கானது. ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. ஆறிய தோல் தடித்தது, சிவந்தது, இரவு பகலாக அரித்தது, நாளுக்கு நாள் சுருங்கியது. சுருங்கின தோல் தாடையைக் கீழே இழுத்துக் கட்டிவிட்டது. ஏதோ யோசனையில் குனிந்திருப்பவளைப் போலவே எப்போதும் இருந்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டன.

வீரலட்சுமி மஞ்சள் அரைத்துப் போட்டாள், வேப்பெண்ணெய் தடவினாள், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "முகம் மட்டும் தெளிஞ்சிட்டா போதும் தாயே" என்று கோயிலில் அவள் வாய்விட்டுச் சொன்னது, பக்கத்தில் குனிந்த தலையோடு நின்ற வேல்விழிக்கும் கேட்டது.

அன்றைக்கு மாரிக்கண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டு, "லேசரே பொய்யின்னு நான் சொல்லலக்கா" என்றான். "இந்த நோட்டீஸு பொய்யி. அம்புட்டுத்தேன். எங்க மிஷின்மேன் ஒருத்தருக்குக் கையி வெந்து, மதுரையில பெரியாஸ்பத்திரியில காட்டினாரு. அங்கன பிளாஸ்டிக் சர்ஜன் அம்மா ஒருத்தக இருக்காக. சிவகாசிக்காரக. வேலுவ அங்கன கூட்டிட்டுப் போவோம்."

*

அந்தச் சர்ஜன் அம்மா, டாக்டர் லட்சுமிகாந்தம், சிவகாசியில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரியாஸ்பத்திரியில் கூட்டம் நிறைந்த அந்த அறையில், அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரம் அவரிடம் இல்லை. வேல்விழியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தழும்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். சாயவில்லை, கண்கள் மட்டும் மேலே போயின, கீழுதடும் கூடவே இழுபட்டது.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"முகம் தெளியணும் டாக்டரம்மா" என்றாள் வீரலட்சுமி. "லேசரு வச்சு…"

"நீங்க இருங்கம்மா. நான் அவளக் கேட்டேன்."

இந்த ஒன்றரை வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"அண்ணாந்து தண்ணி குடிக்கணும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வீட்டுக்குப் போனாலும் செம்புல தண்ணி குடுக்காக. நான் வாய வச்சுச் சப்பித்தேன் குடிக்கணும். குடிச்ச செம்ப அவுக தனியா எடுத்து வைக்கிறதப் பாத்துட்டு, எங்கயும் தண்ணி கேக்குறதையே விட்டுட்டேன்."

வீரலட்சுமிக்கு இது புதுச் செய்தி. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்துக் கழுத்தின் படம் வரைந்து காட்டினார். "இங்க பாரு. லேசர் நல்ல விஷயம்தான். செவப்பக் கொறைக்கும், தடிப்ப லேசா இறக்கும், மேடு பள்ளத்தக் கொஞ்சம் சமப்படுத்தும். ஆனா இழுத்துக் கட்டியிருக்கிற கழுத்த லேசரால அவுக்க முடியாது. அதுக்குக் கத்திதான். சுருங்கின எடத்தக் கீறி விடுவோம், கழுத்து விரியும். விரிஞ்ச எடத்துக்குத் தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டுவோம். அதுக்கப்புறம்தான் நெஜமான வேலை. அது உன் வேலை."

"என் வேலையா?"

"கழுத்துப் பட்டை போடணும். தழும்ப எப்பவும் அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஒரு சட்டை இருக்கு, அத ராத்திரி பகலா ஒரு வருஷத்துக்கு மேல போட்டிருக்கணும். தழும்பு மேல சிலிக்கோன் ஷீட் ஒட்டணும். எண்ணெய் போட்டுத் தேய்க்கணும். தாடையில உருண்டு நிக்கிற இந்த எடத்துல மாசா மாசம் ஊசி போடுவேன், வலிக்கும். இதெல்லாம் ஆகி, தழும்பு அடங்கினதுக்கப்புறம் லேசரப் பத்திப் பேசுவோம். இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். எது செஞ்சாலும் தழும்பு மறையாது. கொறையும். மறைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா நம்பாத."

"எங்க மாமாவே மறைச்சுக் குடுப்பாரு டாக்டர்" என்றாள் வேல்விழி. மாரிக்கண்ணன் வெட்கத்தோடு நோட்டீஸ் கதையைச் சொன்னான். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

*

ஆபரேஷன் நடந்தது. ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. கழுத்து அசையாமல் வார்டில் படுத்திருந்த நாட்களை வேல்விழி பின்னாளில் அதிகம் பேசியதில்லை. தொடையில் தோல் எடுத்த இடம்தான் கழுத்தைவிட வலித்தது என்று மட்டும் சொல்லுவாள். கட்டுப் பிரித்து, புண் காய்ந்து, பட்டையைக் கொஞ்ச நேரம் கழற்றலாம் என்று சொன்ன நாளில் வீரலட்சுமி எங்கிருந்தோ ஒரு செம்பு வாங்கிவந்து தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

வேல்விழி செம்பைத் தூக்கினாள். தலை சாய்ந்தது. முழுதாக இல்லை, ஆனாலும் சாய்ந்தது. தண்ணீர் உதட்டில் படாமல் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. பாதி மூக்கில் ஏறிப் புரை தட்டி, மேலெல்லாம் கொட்டிக்கொண்டு இருமினாள். பழக்கம் விட்டுப் போயிருந்தது. "இன்னொரு செம்பு கொண்டாம்மா" என்றாள். அந்த வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் கட்டிலில் இருந்தபடியே அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் அந்தச் சட்டை. ஆஸ்பத்திரியில் அதற்கு ஆங்கிலப் பெயர் உண்டு. வார்டில் எல்லோரும் இறுக்கச் சட்டை என்றே சொன்னார்கள். இழுபடுகிற கனத்த துணியில், கழுத்தையும் தோளையும் கவ்விப் பிடிக்கிற மாதிரி தைத்தது. வெளியூரிலிருந்து வர வேண்டும். அளவு எடுத்துக் கொடுத்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் வேல்விழி கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். அக்குளில் அறுத்தது. கழுத்தில் எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே தொளதொளவென்று நின்றது. சாத்தூர் வெயிலில் உள்ளே வியர்த்து ஊற்றியது.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மூலையில் துணி மூடிக் கிடந்த தையல் மிஷினை இழுத்து வெளியே போட்டாள்.

"ஏட்டி, என்ன பண்ணப் போற? ஆஸ்பத்திரிச் சாமான்!" என்று அலறினாள் வீரலட்சுமி.

"ஜாக்கெட்டு தோள்பட்டையில சரியா உக்காரலன்னா என்னம்மா பண்ணுவோம்? பிரிச்சுத் தைப்போம்ல. அதேதேன்."

தையலைப் பிரித்தாள். மடங்கின இரு விரல்களை விட்டுவிட்டு மிச்ச விரல்களால் கத்தரியைப் பிடித்தாள். அக்குளில் வளைவை இறக்கி வெட்டி, அங்கே மெல்லிய துணியில் ஒட்டுக் கொடுத்தாள். கழுத்தில் இரண்டு பக்கமும் உள்வாங்கிப் பிடித்தாள். தையல் மேடு தழும்பில் உரசாதபடி வெளிப்பக்கம் வருகிற மாதிரி திருப்பினாள். போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி பிரித்தாள். பொழுது சாய்ந்தபோது சட்டை அவள் உடம்பின் மேல் இன்னொரு தோல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது திட்டு வாங்கத் தயாராகவே போனாள். டாக்டர் லட்சுமிகாந்தம் சட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். முன்பு தடித்து நின்ற ஓரம் கொஞ்சம் படிந்திருந்தது.

"இத யாரு பிரிச்சது?"

"நாந்தேன் டாக்டர். தப்பா?"

"கேட்காமச் செஞ்சது தப்பு. செஞ்சது நல்லாருக்கு." டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "வேல்விழி, இந்த வார்டுல சட்டைக்குக் காத்துக் கிடந்தே கை மடங்கிப் போனவங்க நெறைய பேரு. துணி நான் வரவழைச்சுத் தர்றேன். எம்புட்டு அழுத்தணும், எங்க அழுத்தக் கூடாதுன்னு இங்க கத்துக்கோ. தைக்கிறியா?"

வேல்விழி அம்மாவைப் பார்க்கவில்லை. "தைக்கிறேன்" என்றாள்.

*

முதல் ஆளே வில்லங்கமான ஆளாக அமைந்தார். ஆலங்குளம் பக்கத்தில் இருக்கும் தனுஷ்கோடி, பேன்சி வெடிக் கம்பெனியில் தீப்பட்டு இரண்டு கையும் வெந்தவர். இடது கை விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் மனைவி ஆவுடைத்தாய் மட்டும் வந்து அழுதுவிட்டுப் போனாள். வேல்விழியும் வீரலட்சுமியும் அவர் வீட்டுக்கே போனார்கள்.

தனுஷ்கோடி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "இந்த வெக்கையில கைக்குச் சட்டை மாட்டிக்கிட்டுத் திரியச் சொல்லுதியா? வெந்தது வெந்துபோச்சு. நீ தைக்கிறவ. உன் யாவாரத்துக்குச் சொல்ற."

வேல்விழி தன் சட்டையின் கொக்கிகளை அவிழ்த்து, தோளிலிருந்து கொஞ்சம் இறக்கினாள். ஆவுடைத்தாய் பதறிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"தொட்டுப் பாருங்கண்ணே. இது கழுத்து, சட்டை பிடிச்ச எடம். இது தோளு ஓரம், மொதச் சட்டையில விட்டுப் போன எடம். ரெண்டும் ஒரே நாள்ல ஒரே தீயில வெந்ததுதேன்."

தனுஷ்கோடி தொடவில்லை. ஆவுடைத்தாய் தொட்டாள். கழுத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. தோளின் ஓரத்தில் பனைமட்டைக் கருக்கைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

"நீட்டுங்க கைய" என்றாள் புருஷனிடம். அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் நீட்டினார்.

விரல் விரலாக அளவெடுத்து, ஆசை ஆசையாகக் கையுறை தைத்துக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள் வேல்விழி. மறுநாள் காலையில் மாரிக்கண்ணன் வாங்கிக் கொடுத்திருந்த செல்போன் அடித்தது. ஆவுடைத்தாய் அழுதாள். "விரல் நுனியெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு மதினி. வலியில துடிக்காக."

"கழட்டுங்க! உடனே கழட்டுங்க!" என்று கத்தினாள் வேல்விழி. கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது விரல்களில் ரத்தம் திரும்பியிருந்தது. கையுறை வாசலுக்கு வெளியே வேலிக்கருவை முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் சோதனைக்கு என் கைதான் கெடச்சுதா?" என்று சீறினார் தனுஷ்கோடி.

"தப்பு என்னுதுதேன்ணே" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல், முள்ளில் கிழியாமல் கையுறையை எடுத்துக்கொண்டு நேரே மதுரைக்குப் போனாள்.

டாக்டர் லட்சுமிகாந்தம் அன்றைக்குத் திட்டிய திட்டு அவளுக்கு வெகுகாலம் மறக்கவில்லை. "உன் கழுத்து உனக்குச் சொல்லும், இறுக்குது இறுக்கலன்னு. அவரு கை உனக்குச் சொல்லாது. மாட்டிவிட்டதும் கிளம்பிடுவியா? நகத்த அமுக்கிப் பாரு, வெளுத்தது உடனே செவக்குதான்னு பாரு. பக்கத்துலயே உக்காந்து இரு. கை மரத்துப் போகுதான்னு கேளு. அப்புறம் வா." திட்டி முடித்துவிட்டு, அளவை எவ்வளவு குறைத்து வெட்டினால் எவ்வளவு அழுத்தும் என்று பக்கத்தில் நின்று காட்டினார். விரல்களுக்கு இடையில் வருகிற கவட்டைத் துணியை எப்படிச் சரித்து வெட்ட வேண்டும் என்று வேல்விழி காட்டினாள். டாக்டர் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது கையுறையை மாட்டிவிட்ட அன்றைக்கு வேல்விழி பகல் முழுக்கத் தனுஷ்கோடி வீட்டிலேயே இருந்தாள். ஆவுடைத்தாய் போட்ட கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டாள். நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "விடு தாயி, நகம் தேஞ்சிரப் போகுது" என்றார் தனுஷ்கோடி. அவர் தாயி என்று சொன்னதை வீட்டில் யாரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

விரல்கள் லேசில் இறங்கி வரவில்லை. ஒரு விரலுக்குக் கத்தியும் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த ஆடியில், இருக்கன்குடித் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேல்விழி வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தனுஷ்கோடி. பின்னால் ஆவுடைத்தாய், மடியில் ஒரு வாழைத்தாரோடு.

"கிளட்ச்சு இந்தக் கையிலதான் பிடிச்சேன்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து விரலும் விரிந்து நின்றன. ஒன்று மட்டும் சற்றுக் கோணல். "ஆலங்குளத்துல இருந்து இம்புட்டுத் தூரம். எங்கயும் நிப்பாட்டல."

"நிப்பாட்டினாக. ரெண்டு எடத்துல டீ குடிச்சாக" என்றாள் ஆவுடைத்தாய்.

தெருவில் இருந்தவர்கள் வந்து கூடிவிட்டார்கள். அவர் எல்லோருக்கும் கையை விரித்து விரித்துக் காட்டினார். யாரோ வேல்விழியைச் சுட்டி, "இந்தப் பிள்ளையா தச்சது?" என்றார்கள். வேல்விழி உள்ளே ஓடிப் போகவில்லை. "ஆமா, நாந்தேன்" என்று நடு வாசலில் நின்று சொன்னாள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

2009இல்தான் லேசர் வந்தது. டாக்டர் லட்சுமிகாந்தம் சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மிஷின் வாங்கியிருந்தார்கள். வேல்விழியின் தழும்பு அதற்குள் நன்றாக அடங்கியிருந்தது. தாடையோரம் சிவப்பும் மேடு பள்ளமும் மட்டும் மிச்சம்.

"நம்ம நெறத்துக்கு லேசர் பாத்துதான் செய்யணும்" என்றார் டாக்டர். "சில பேருக்குச் செஞ்ச எடம் கறுத்துப் போயிரும். மொதல்ல காதுக்குப் பின்னால ஒரு பொட்டளவு செஞ்சு பாப்போம். நல்லாருந்தா மேல போவோம். வெயில்ல மூடாமப் போகக் கூடாது."

பொட்டளவு வைத்துப் பார்த்தது கறுக்கவில்லை. மரத்துப் போக மருந்து தடவி உட்கார வைத்து, கண்ணுக்கு மூடி போட்டார்கள். ரப்பர் பேண்டைச் சுண்டிச் சுண்டி அடிக்கிற மாதிரி இருந்தது. முடி கருகின வாடை லேசாக எழுந்தது. தீப்பட்ட அந்த மத்தியானத்துக்குப் பிறகு அந்த வாடையை வேல்விழி முகர்ந்ததில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினார்.

"போதுமா? இன்னொரு நாள் பாக்கலாமா?"

"வேணாம் டாக்டர். சன்னலத் தொறந்து விட்டுட்டுச் செய்யுங்க."

சன்னலைத் திறந்தார்கள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வீங்கியது, பொருக்குத் தட்டியது, உதிர்ந்தது. மாதங்கள் இடைவெளி விட்டுச் சில தடவை செய்தார்கள். சிவப்பு தணிந்தது. விரலால் தடவினால் முன்னே போலத் தட்டவில்லை. அரிப்பு அநேகமாக நின்றுபோனது. ஆனால் தழும்பு இருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது.

கடைசி என்று நினைத்துப் போன தடவை டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். "இன்னும் ஒரு தடவை செஞ்சா இந்த ஓரம் இன்னும் கொஞ்சம் படியும். பெருசா வித்தியாசம் இருக்காது. இதுவே போதும்னு நெனச்சா நிறுத்திக்கலாம். உன் இஷ்டம்."

"இவளுக்கென்ன டாக்டரம்மா" என்றாள் வீரலட்சுமி முந்திக்கொண்டு. "இப்ப இவளுக்கு முகத்தப் பத்தின நெனப்பே இல்ல. எந்நேரமும் தையல் மிஷினும் துணியுந்தேன். போதும்."

"எனக்கு வேணும்" என்றாள் வேல்விழி.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் படியும்னா அந்தக் கொஞ்சமும் வேணும். எனக்கு அழகா இருக்கணும்னு ஆசையா இருக்கும்மா. வெந்த அன்னைக்கும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதுல என்ன வெக்கம்?" கண்ணாடியில் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இப்பவே நல்லாத்தேன் இருக்கேன். இன்னும் நல்லா இருப்பேன்."

டாக்டர் லட்சுமிகாந்தம் நாள் குறித்துக் கொடுத்தார். வெளியே வருகிற வழியில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். டாக்டர் அவளை நிறுத்தி, "இவங்கதான் வேல்விழி" என்றார். "தீக்காயத்துக்குச் சட்டை வேணும்னா இனிமே வெளியூருக்கு எழுத வேணாம். இவங்களக் கேளுங்க." அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். வேல்விழியும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், சாத்தூர் வழியாகப் போகிற கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினார்கள். எதிர்ச் சீட்டில் இருந்த நடுவயதுப் பெண் வேல்விழியின் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொறுக்க முடியாமல், "என்னம்மா, அடுப்புல பட்டதா?" என்று கேட்டாள்.

வேல்விழி வாயைத் திறப்பதற்குள் வீரலட்சுமி ஆரம்பித்துவிட்டாள்.

"பட்டாசுக் கம்பெனித் தீ அது. சாதாரணத் தீ இல்ல. கழுத்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு இவளுக்கு, கத்தி வச்சுப் பிரிச்சாக. தொடைத் தோலு இது. இப்ப லேசரு நடக்குது. நோட்டீஸ்ல போடுற மாதிரியெல்லாம் மறையாது, கேட்டுக்கோங்க, கொறையும். அப்புறம் இவ தைக்கா பாருங்க சட்டை, ஆஸ்பத்திரியில டாக்டருமாரே இவளத்தேன் கேக்காக. ஆலங்குளத்துல ஒருத்தரு, கை இப்படி மடங்கி…" தன் கையை மடக்கிக் காட்டினாள். விரித்துக் காட்டினாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அம்மா, போதும்மா" என்றாள் வேல்விழி. ஆனால் நிறுத்தச் சொல்லும் குரலாக அது இல்லை. வீரலட்சுமியும் நிறுத்தவில்லை.

திருமங்கலம் தாண்டும்போது பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மல்லாங்கிணற்றுக்காரியாம். தன் கொழுந்தன் சம்சாரத்துக்குக் கையில் வெந்து, ஆறின பிறகும் முழங்கை நீட்ட வரவில்லை என்றாள்.

வேல்விழி நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கக்கா. எப்பப் பட்டது? புண்ணு முழுசா காஞ்சிருச்சா, இல்ல எங்கயாவது இன்னும் ஈரம் கசியுதா?"